கெர்க்குவானில் ஒரு தொட்டி

காலை ஏழுக்கு துனிஸை விட்டபோது
பின்னிருக்கையில் இருவருக்கும் நடுவே
ஒரு தண்ணீர்க்குப்பி உட்கார்ந்திருந்தது.
சொலிமான் தாண்டியும் பேச்சில்லை.
கேள்வி கேட்பது என் வாடகையில் சேராது.

கெலிபியாவில் கோட்டை. அவர் ஏறினார், அவள் ஏறவில்லை.
ஜன்னலோரம் வந்து கேட்டாள்:
"லஸ்ஹர், இப்போது மீன் வாங்கினால் மாலைவரை தாங்குமா?"
"தாங்காது மதாம். ஆகஸ்ட்."

கெர்க்குவானில் எனக்கு டிக்கெட் கிடையாது,
காவலன் என் மனைவியின் தம்பி.
கூரை போன ஊர். முழங்கால் உயரச் சுவர்கள்,
ஒதுங்க நிழலில்லை, நானும் பின்னால் நடந்தேன்.
வீட்டுக்கு வீடு குளியல்தொட்டி, சிவப்புப் பூச்சு,
ஒருவர் காலை மடக்கி உட்காரலாம்,
அவ்வளவுதான்.
"இன்னொருத்தருக்கு இடமே வைக்கவில்லை பார்"
என்றார் அவர்.
அவள் சிரித்தாள்.
கடல் பக்கம் திரும்பிக்கொண்டு
நெடுநேரம் சிரித்தாள்,
மூக்கைச் சிந்தும்வரை.

விசில். யாரோ பையன் சுவர்மேல் ஏறிவிட்டான்.
மைத்துனன் ஓடுகிறான், ஒரு செருப்போடு.

திரும்பும் வழியில் முன்கண்ணாடியை
ஒரு விரல் மேலே தள்ளினேன்.
இப்போது அதில் வண்டியின் கூரை,
ஓரமாய்க் கொஞ்சம் வானம்.
குப்பி மட்டும் எங்கோ
இருக்கைக்கு அடியில்
வளைவுக்கு வளைவு உருண்டது.
எடுக்க யாரும் குனியவில்லை.