கஞ்சி ஆறும் நேரம்

நூலகத்துப் பின்னறையில் எட்டு நாற்காலி.
பிலிப்பா ஆளுக்கொரு உலர்திராட்சை தந்தாள்.
"வாயில் போடாதீர்கள், பாருங்கள்.
இதற்குமுன் திராட்சையே கண்டிராதவர்போல."
பார்த்தேன்.
இரட்டை ஷிஃப்ட் முடித்த என் முகம்போல்
சுருங்கிக் கிடந்தது.
வெளியே இன்வர்காகிலின் தெற்குக் காற்று
கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
செஃபினா காதோரம் கேட்டாள்:
"நைரி, இந்த மணிநேரத்துக்குச் சம்பளம் உண்டா?"

பிறகு பாய் விரித்துப் படுத்தோம்.
கால்விரலில் தொடங்கி மேலே வரச் சொன்னாள்,
மனசால்.
முழங்கால்வரை போனது நினைவிருக்கிறது.
என் குறட்டையில் நானே விழித்தேன்.
"பரவாயில்லை, களைப்பைக் கவனித்தீர்கள்" என்றாள்.
நல்லவள்தான்.

பதினோரு வருஷமாக ஃபெர்கஸுக்கு ஊட்டுகிறேன்.
ஓட்ஸ் கஞ்சி, கெட்டிப்பொடி கலந்த தேநீர்,
கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம்.
கரண்டி. உதடு. காத்திரு.
தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கணும்,
அதுவரை அடுத்த வாய் கூடாது.
புரையேறினால் ஆம்புலன்ஸ்.
பிலிப்பா,
அந்தத் தொண்டைக்குழியை நான் பார்த்த அளவு
எவரும் எந்தத் திராட்சையையும் பார்த்ததில்லை.

ஜூலையில் செஃபினா வேலையை விட்டாள்.
இறைச்சி ஆலையில் மணிக்கு நான்கு டாலர் கூடுதல்.
"செத்த ஆடு கடிக்காது" என்றாள் போகும்போது.
அதன்பின் நாலு படுக்கைக்கு
இரவில் நான் ஒருத்தி.

மூன்று பத்துக்கு டோரீன் அலறினாள்.
என் முன்னங்கையில் அவள் பல்வரிசை,
ஒன்றுகூடத் தப்பாமல்.
சம்பவப் படிவம், மூன்று பக்கம்.
கதவுப்பிடியில் கைவைத்து மூன்று மூச்சு
என்று வகுப்பில் சொல்லியிருந்தாள்.
ஒன்று விட்டேன்.
இரண்டாவதில் பாதி. அழைப்புமணி.
மீதி எங்கே போயிற்றோ.

விடிந்தபோது ஜன்னலில் ஆலங்கட்டி.
இரண்டாவது கரண்டிக்கே ஃபெர்கஸின் முஷ்டி
படப்பலகைக்குப் போனது.
சிவப்புக் கை. நில்.
"சூடா?" இல்லை.
"வயிறு நிறைஞ்சாச்சா?" இல்லை.
"எங்கயாவது வலிக்குதா?"
மறுபடி சிவப்புக் கை, பலகை அதிர.
மறுபடி.
எரிச்சலில் கரண்டியை வைத்தேன்.
வைத்தபிறகுதான் தெரிந்தது
அது அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தது.
தோள் இரண்டும் காதருகே நின்றன.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்,
எப்போதிருந்தோ.

அவனுக்கு அவசரமில்லை.
தோள் இறங்க எவ்வளவு நேரமாயிற்று,
சொல்லத் தெரியவில்லை.
கஞ்சியில் ஆடை படிந்தது.
ஆலங்கட்டி ஓய்ந்து கூரை சொட்டியது.
ஃபெர்கஸ் என் தொண்டைக்குழியையே
பார்த்துக்கொண்டிருந்தான்.
அது ஒருமுறை ஏறி இறங்கியது.
அப்புறம்தான் வாய் திறந்தான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
காலை உணவு, முழுக் கிண்ணம், ஐம்பத்தைந்து நிமிடம்.
மேலாளர் ஐம்பத்தைந்தை வட்டமிட்டு
கேள்விக்குறி போட்டிருந்தார்.

கடைசி வகுப்பில் கருத்துப் படிவம்.
"உங்கள் மன அழுத்தம் குறைய
இன்னும் என்ன உதவும்?"
ஒரு வரிக்குத்தான் இடம்.
இரவுக்கு இன்னொரு ஆள், என்று எழுதினேன்.
பேனாவை மூடினேன். திறந்தேன்.
ஓரத்தில் சேர்த்தேன்:
திராட்சை இனிப்பாயிருந்தது.