ஏனையவை

குடிசன மதிப்புக்கு வந்த பிள்ளை
கிணற்றுக் கட்டில் படிவத்தை விரித்து
சமயம் என்ற பெட்டியில் பேனையை நிறுத்தினாள்.
"அக்கா, சைவம்தானே?"
இல்லை என்றேன்.
"வேதமோ?"
இல்லை.
"அப்ப ஒண்டுமில்லையோ?"
அப்படியும் இல்லை.
பேனை முனை வெயிலில் காய்ந்தது.

எப்படிச் சொல்ல?
ஆறு வருடம் முழங்காலில் நின்றவள் நான்,
அம்பகாமத்திலும் அதற்கப்பால் காட்டுக்குள்ளும்,
முகக்கவசத்துக்குள் வியர்வை சொட்ட
ஒரு சாண் நிலத்தை ஒரு மணி நேரம் பார்த்தவள்.
எந்தக் கோயிலிலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை.
சில நாள் மிதிவெடி.
பல நாள் ஆணி, சோடா மூடி.
ஒரு நாள் மண்புழு ஒன்று கடந்து போகும்வரை
கையை எடுத்துக் காத்திருந்தேன்,
மேற்பார்வையாளர் ஏசினார்.

நாங்கள் ஐந்து பேர்.
துருசு திறக்கிற குணநாயகம்,
மருந்துக்கடை றெஜினோல்ட்,
தாதி வசீகரி, அவளுடைய பத்து வயது மகள், நான்.
இதற்கொரு பெயர் வைக்கவேண்டும் என்று
றெஜினோல்ட் ஒரு மாரி முழுக்கச் சொன்னான்.
கூட்டம் போட்டோம். சண்டை வந்தது.
கச்சான் தின்று முடித்துக் கலைந்தோம்.

ஆவணி நடுவில் ஒரு நாள்
சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் வரும்.
வற்றிய குளத்தின் வெடித்த சேற்றில்
நான் கொண்டுபோகும் கட்டையை நடுவோம்.
தலையில் சிவப்புப் பூசிய கட்டை,
இங்கே கால் வைக்காதே என்று
ஒரு காலத்தில் நின்றது.
பன்னிரண்டு எட்டுக்கு அதன் நிழல்
சுருங்கிச் சுருங்கி
தன் அடிக்குள்ளேயே போய்விடும்.
கற்பூரமில்லை, மணியில்லை.
குணநாயகம் நீர்மட்டம் வாசிப்பார்:
இரண்டடி மூன்றங்குலம்.
அவ்வளவுதான் மந்திரம்,
அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும்.
சோளகம் யாரோ ஒருவரின் தொப்பியை
அலைகரை வரைக்கும் கொண்டுபோகும்.

தம்பியைத் தேடிய வருடங்களில்
வசீகரி நேர்த்தி வைக்காத வாசல் இல்லை.
இங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது
அவளுக்கு ஓய்வு.
சேற்றில் சப்பாணி கட்டி இருப்பாள்,
எதையும் கேட்காமல்.

போன தடவை மகள்தான் கேட்டாள்:
"நாங்கள் வந்திருக்கிறது சூரியனுக்குத் தெரியுமோ?"
தெரியாது.
"அந்தப் பாலைக்கு?"
அதுக்கும் தெரியாது.
"பிறகேன் வாறம்?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மிஞ்சிய தண்ணீரில் ஒரு கொக்கு
கால் மாற்றி நின்றது.
கட்டையின் கிழக்குப் பக்கம்
நகக்கீற்றளவு நிழல் திரும்ப முளைத்தது.

தெரியாமலே தருகிற ஒன்றுக்குத்
தெரிந்தவர்கள் தலை குனியலாம் —
இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.
இதற்கு மேல் போனால் பிரசங்கம்.
மழை பொய்த்தால் பழி போட ஆளில்லை,
அது மட்டும் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"ஏனையவை எண்டு போடட்டோ, அக்கா?"
போடு என்றேன்.
ஏதோ பிழை செய்கிறவள் போல
மெல்ல எழுதினாள்.
பிறகு அடுத்த பெட்டியை வாசித்தாள்:
"குடிநீர் எங்கேயிருந்து?"

இரண்டு பேரும்
கட்டில் கை ஊன்றி
எட்டிப் பார்த்தோம்.