ஒரு சைஸ் கூட

தெற்கு மாரட் வீதிக் கடையில்
இருபத்தாறு வருஷம் திருகாணி எண்ணியவள்.
கையில் அள்ளினாலே தெரியும்
இது டஜன், இதில் ஒன்று கூட.

முதுகில் போட்ட நாலு மட்டும்
என் கணக்கில் வராதவை.
பத்தாம் மாசம், ராத்திரி புரண்டு படுக்கையில்
உள்ளே எதுவோ அரை நூல் நகர்ந்தது.
முதலில் வலி என்று சொல்ல முடியாது.
தாழ்ப்பாள் ஆடுமே, அது மாதிரி.
வில்லாபுரம் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால்
அப்போது வலி.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் ஹெப்சிபா பென்சில் முனையால் தொட்டார்.
கீழ்ச் சோடியைச் சுற்றிக் கறுப்பாக வளையம்.
"எலும்பு பிடியை விட்டுருச்சும்மா."
இளைப்புக்கு விழுங்கிய மாத்திரைகள்
கறையான் வேலை பார்த்திருக்கின்றன,
மேல் பெயின்ட் கலையாமல்.

என்ன நம்பர் போட்டீங்க, என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
ஆறரை மில்லி, நாற்பது நீளம்.
இனிமே?
ஏழரை.
தம்பி மாசாணம் எழுந்தே நின்றுவிட்டான்:
"ஏழரை வேண்டாம் டாக்டர், எட்டாப் போடுங்க."

கதவைக் கழற்றி ஆட்டோவில் கொண்டுவருபவர்களுக்கு
நான் சொல்வதும் இதுதான்:
ஓட்டை லூசானால் ஒரு சைஸ் தடிமன், கொஞ்சம் நீளம்.
அதுவும் பிடிக்காவிட்டால்
தீக்குச்சி ஒடித்துச் செருகி, பசை விட்டுத் திருகுங்கள்.

தீக்குச்சிக்குப் பதில் சிமென்ட், என்றார் அவர்.
புதுத் திருகாணிக்கு நடுவில் ஊசித் துளை,
அது வழியே பற்பசைப் பதத்தில்
கொஞ்சம். மிகக் கொஞ்சம்.
வழிந்தால் பக்கத்திலேயே நரம்பு.
பழைய தழும்பை முழுசாகத் திறக்கப் போவதில்லை.
சின்னக் கீறல்கள், சதையை விலக்க ஒரு குழாய்,
வளைந்த எக்ஸ்ரே வழி காட்டும்.

கரண்ட் போன சாயங்காலங்களில்
தடவிப் பார்த்தே முக்கால் இஞ்சை எடுத்துத் தருவேன்.
அவருக்கும் கை அப்படி இருக்கட்டும் என்று
மயக்கம் ஏறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது நாலு பிளாஸ்திரி.
கழற்றிய இரண்டையும் கேட்டு வாங்கினேன்.
நர்ஸ் மெஹராஜ் மூத்திர டெஸ்ட் டப்பாவில் போட்டுத் தந்தாள்.
கனமே இல்லை.
இவ்வளவு லேசான சாமானா
என்னைத் தூங்கவிடாமல் அடித்தது.

இனி தினம் வயிற்றில் ஊசி, எலும்பு ஊற.
குளிரில் வைக்கணும்.
கீழ்வீட்டு நாகசெல்வி
மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இடம் விட்டிருக்கிறாள்.
ஒன்பது மணிக்குத் தட்டினால்
சீரியலிலிருந்து கண்ணெடுக்காமல், எடுத்துக்கங்கக்கா என்பாள்.

எத்தனை நாள் தாங்கும் டாக்டர்?
கடைக்காரர்கள் வாயில் சட்டென்று வரும் அந்தச் சொல்
அவர் வாயில் வரவில்லை.
குனியாதீங்க, என்றார்.

மூன்றாம் மாசம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன் கடையில்.
திருநகர்க்காரர் ஒருவர்
கீலும் திருகாணியுமாக மேஜையில் கொட்டினார்.
"போன வாரம் உங்கள்ட்ட வாங்கினதுதான், நிக்க மாட்டேங்குது."

முன்னெல்லாம் திருகாணியைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.
என்ன மரம், என்று கேட்டேன்.