இந்த ஆண்டுக்கான பட்டியல்

பதினேழு டிசம்பர்களாகத்
தலைவரின் புத்தாண்டு வாழ்த்தை எழுதுவது நான்.
கையெழுத்து அவருடையது.
மத்தோசினியோஷ் துறைமுக வணிகர் மன்றத்தின்
இருநூற்றுப் பதினோரு உறுப்பினர்களுக்கு
நலமும் வளமும் வேண்டி ஒரு பத்தி.
அதன் கீழே,
"நான் படித்து வியந்தவை, நீங்களும் படிக்க"
என்று ஐந்து நூல்கள்.

படித்ததும் நான்தான்,
மெட்ரோவில், நின்றபடி.
தலைமை பற்றிய தடித்த புத்தகங்கள்.
எல்லாவற்றிலும் ஒரு மலை, ஒரு கப்பல், ஓர் ஓநாய்க் கூட்டம்.
ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கச் சாரம் எழுதி
மேசையில் வைப்பேன்,
விருந்தில் யாரேனும் கேட்டால் சொல்ல.
ஒருமுறை மூன்றாம் நூலின் சாரத்தை
நாலாம் நூலின் பெயரில் சொல்லிவிட்டு வந்தார்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஆண்டு ஐந்து தேறவில்லை.

அக்டோபரில் மத்தி அடைக்கும் இரண்டாம் கூடத்தை மூடினோம்.
நாற்பத்துமூன்று பேர்.
அந்தக் கடிதங்களையும் தட்டச்சு செய்தவள் நான்.
கடைசி வரி, "வரும் காலம் வளமாய் அமையட்டும்",
பழைய வாழ்த்திலிருந்து வெட்டி ஒட்டியது.
அதன் பிறகு
மலை வந்த பக்கத்திலேயே
புத்தகம் மூடிக்கொண்டது.

இருபத்தெட்டாம் தேதி மாலை,
"ஒடிலியா, பட்டியல் என்னாயிற்று?"
இரண்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒன்று, சிவப்பு அட்டைப் புகார்ப் புத்தகம்.
எந்தக் கடையிலும் இருக்கவேண்டுமென்பது சட்டம்;
எங்கள் கடையில் அது
கல்லாப்பெட்டி ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்து நின்றது.
"டப்பாவின் வளையம் கையோடு வந்துவிட்டது.
எனக்கு எண்பத்தொரு வயது.
அன்றிரவு வெறும் ரொட்டி."
இதை வாய்விட்டுப் படித்தார் திரு. சர்மேந்தோ,
ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக.

மற்றது அபீலியோவின் கட்டம் போட்ட நோட்டு.
இரவுக் காவல்.

அக். 14, 1.10. மேற்குக் கதவு சரி. உள்ளே பூனை. வெளியே விட்டேன்.
அக். 16, 2.40. மறுபடியும் பூனை.
அக். 19, 4.05. இரண்டாம் கூடத்து க்ராசிந்தா வந்தாள்.
ரப்பர் காலணியை விட்டுப் போனாளாம்.
விதியில் இடமில்லை. எடுத்துக் கொடுத்தேன்.
அக். 20, 3.00. தலைவர் அறையில் விளக்கு. ஆள் இருக்கிறார். தட்டவில்லை.
அக். 21. விளக்கு. தட்டவில்லை.
அக். 22. அதேதான்.

கோட்டின் மறு கையை மாட்டவேயில்லை அவர்.
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"பூனை என்ன ஆனது?"
தெரியாது, நான் அதுவரைதான் படித்தேன் என்றேன்.
நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.
நாற்பத்துமூன்று பேரைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி வாழ்த்து போயிற்று.
வளம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
"நன்றாகத் தூங்க வாய்க்கட்டும் உங்களுக்கு.
உங்கள் வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்
ஏதேனும் எழுதிவைக்கிறார்.
அதைப் படியுங்கள்."
கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை படித்தார்.
ஒரு காற்புள்ளி சேர்த்தார்.

நான்கு பேர் பதில் எழுதினார்கள்:
அருமையான தேர்வு, பதிப்பகம் எது?
ஐந்தாமவர், குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்,
எங்களிடம் ஆள் இல்லை, கேமராதான் என்றும்
அதை எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தார்.
அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

முப்பத்தொன்று, நள்ளிரவு.
துறைமுகத்தில் கப்பல்கள் ஊதத் தொடங்கின.
மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உலர்திராட்சை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல்.
எனக்கு எப்போதும் எட்டோடு தீர்ந்துவிடும்.
ஒன்பதாவதை வாயில் வைத்து
என்ன கேட்பதென்று நிற்கையில் தொலைபேசி.

"ஒடிலியா, நவம்பர் வந்துவிட்டேன்.
இவர் எழுத்து புரியவில்லை.
இது ஒன்றா, ஏழா?"

குறுக்கே கோடு இருக்கிறதா பாருங்கள் என்றேன்.
இருந்தால் ஏழு.

தாள் புரளும் ஓசை.
விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன்.