மாதிரி

மூன்று போத்தலில் ஊற்றினார்.
ஒன்று கொழும்புக்கு,
ஒன்று கந்தோருக்கு,
ஒன்று எனக்கு.
அரக்கை உருக்கி மூடியில் சொட்டவிட்டு
முத்திரை குத்தி நீட்டினார்
சுகாதாரப் பரிசோதகர்:
"இது உங்கட மாதிரி. திறக்கப்படாது."

கிரான் சந்தி, காலை ஏழரை.
சைக்கிள் கரியரில் இரண்டு கான்.
பட்டி ஆற்றுக்கு அப்பால்.
மூன்று மணிக்கு எழும்பிக் கறந்து
புலிபாய்ந்தகல்லில் தோணி பிடித்து
வெயிலுக்கு முன்னால் வந்த பால்.
"பதிவு இலக்கம்?"
இல்லை.
"குளிரூட்டி?"
பட்டியில கரண்டே இல்லை சேர்.
"தயிர்ச் சட்டியில லேபிள்?"
ஒட்டினனான். சட்டி வேர்த்தது.
லேபிள் இப்ப கடலுக்குப் போயிருக்கும்.

அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன்.
கானைக் கவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
இருபத்திரண்டு லீற்றர்
தார் றோட்டில் இறங்கி
பஸ் தரிப்பிடத்து நாய் வரைக்கும் போனது.

ஹயாத்து காக்காவின் கடையில் அன்று
எல்லாருக்கும் பிளேன்ரீ.
"நாளையிலிருந்து மாப்பால் எடுக்கிறன் தங்கச்சி,
கோவிக்காத."
மாப்பால் பெட்டியில் எல்லாம் இருந்தது,
இலக்கம், திகதி, பச்சை மலை,
கழுத்தில் மணி கட்டிய மாடு ஒன்று.
எந்த நாட்டு மாடோ.
மேய்ச்சல்தரையை விட்டு
ஒருவரும் அதைத் துரத்தியதில்லைப் போல,
அவ்வளவு ஆறுதலாக நிற்கிறது.

போத்தலை எங்கே வைப்பது?
குளிர்ப்பெட்டி இருப்பது மச்சாள் வீட்டில்.
நெத்தலிப் பொதிக்குப் பக்கத்தில் இடம் தந்தாள்.
"இதென்ன மாமி, பால் மாதிரிக் கிடக்கு?"
என்றாள் அவள் மகள்.
பால்தான் மகள்.
மாதிரி.

கரண்ட் போன இரண்டு நாளில் திரைந்தது.
மேலே மஞ்சள் நீர், கீழே கட்டி.
முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதுவரை சொன்னது
சந்தியில் எல்லாருக்கும் சொன்னது.

மாசியில் சுட்டி ஏழாம் மாதத்தில் கன்று வீசியது.
பங்குனியில் மயிலை.
இளங்கொடி விழவில்லை,
வெறுங்கையால் இழுத்துப்போட்டேன்.
ரஜிகரனின் பட்டியிலும் இப்படித்தான் தொடங்கியதாம்.
மறுகா அவனுக்குப் பின்னேரமானால் காய்ச்சல்,
முழங்காலில், இடுப்பில் நோ,
மூன்று மாதம் பாயோடு கிடந்தான்.
"பாலைக் காய்ச்சாமக் குடிக்காதீங்க" என்று
மாட்டு டொக்டர் அவனுக்குச் சொன்னது
வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.
அன்றிலிருந்து
என் மகன் டிலோஜனுக்கு
மூன்று கொதி வரக் காய்ச்சிக் கொடுத்தேன்.
சந்தியில் கேட்டவர்களுக்கு
அளந்து கொடுத்தேன்.
அளவில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஆறு கிழமையால் கொழும்புத் தாள் வந்தது.
தண்ணீர்க் கலப்பில்லை.
கொழுப்பு நாலு தசம் எட்டு.
பரிசோதகரே வாசித்துக் காட்டினார்,
எனக்காகச் சந்தோசப்பட்டார் போலவும் இருந்தது.
பதிவில்லாததற்கு மட்டும்
வாழைச்சேனைக் கோட்டில் ஐயாயிரம் தண்டம்.
"நல்ல பால்தான் அக்கா, சும்மா சொல்லக்கூடாது."
தலையாட்டினேன்.
வரும்வழியில் பஸ் ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரை
அந்தத் தலையாட்டல்
கழுத்தை விட்டுப் போகவில்லை.

இன்று எட்டரைக்கு
மிருக வைத்தியர் கந்தோருக்குக் கோல் எடுத்தேன்.
பதினொரு மாட்டுக்கும் இரத்தம் பார்க்கவேணும் என்றேன்.
ஏன் என்று கேட்டாள் ஒரு பிள்ளை.
மாசியிலிருந்து சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை,
பேனை தேடியிருப்பாள்.
காதுத்தோட்டு இலக்கம் சொல்லுங்க என்றாள்.
மஞ்சள் தோடுகளைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன்,
சுட்டி, மயிலை, அதுகளின் பிள்ளைகள்.
ஒன்றுக்குக்கூட இலக்கம் இல்லாமலில்லை.

"உங்கட இலக்கம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து
போன் நம்பரைக் கொடுத்தேன்.