எண் நெய்

ஜனவரி. மயூர் விஹாரில் காலை ஆறு நாற்பது.
கண்ணாடியில் பனி. வைப்பருக்கு அடியில்
யாரோ செருகிவிட்டுப் போன ஜிம் விளம்பரம்.
முதல் கியர் விழுகிறது.
இரண்டாவது மாட்டேன் என்கிறது,
உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருப்பதைப் போல.
தட்டிப் பார்க்கிறேன். தள்ளிப் பார்க்கிறேன்.
நிஜாமுதீன் பாலத்தில் ஏறிப் பாதி யமுனை கடந்த பிறகு
ஒரு செருமலோடு திறக்கும்.

இரண்டு வருடமாகத் திட்டுகிறேன்,
இந்த வண்டியை எனக்கு விற்ற விங் கமாண்டரை.
விமானம் ஓட்டிய கை, கிளட்சை என்ன பாடு படுத்தியதோ.

கஷ்மீரி கேட்டில் ஹர்பீரின் கடை, அகலம் நான்கடி.
"அஞ்சு எடுத்துக்குங்க மேடம், நாலைவிட ஒசத்தி."
இந்தியில் சொன்னாலும் கணக்கு கணக்குதான்,
நாலைவிட ஐந்து பெரியது.
எங்கள் அலுவலகத்தில் ஐந்துக்கு நாலு வாங்கியவள்
போன மார்ச்சில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

எள்ளும் நெய்யும் புணர்ந்தால் எண்ணெய்.
ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
இந்த டப்பாவுக்குள் எள் ஏது?
எண்ணும் நெய்யும் சேர்ந்தாலும் எண்ணெய் என்றுதானே வரும்.
எழுபத்தைந்து, ஒரு டபிள்யூ, ஒரு சின்னக் கோடு, எண்பது.
முதல் எண் என் ஜனவரிக்கு.
அடுத்தது, ஜூனில் ஐடிஓ சிக்னலில் வேகும் எனக்கு.
கடைசியில், லென்ஸ் வைத்துப் படிக்கிற எழுத்தில்,
ஜி எல் நாலு.
கையேட்டின் நூற்றுச் சொச்சம் பக்கங்களில்
இந்த ஒரு வரிக்கு மட்டும்
நேற்று ராத்திரி பென்சிலில் கோடு போட்டேன்.

"நாலுதான்," என்றேன்.
ஹர்பீர் என் தலைக்கு மேல் பார்த்தார்,
அங்கே என்னைவிடப் புத்திசாலி யாராவது நிற்பது போல.

வழுக்கினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
அப்படியில்லையாம்.
வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு
ஒரே வேகத்துக்கு வந்தாக வேண்டும்.
நடுவில் ஒரு பித்தளை வளையம்,
உரசினால்தான் அதற்குப் பிடி கிடைக்கும்.
ஐந்தில் வழுக்கல் அதிகம், கந்தகமும் அதிகம்.
புளி போட்டுத் தேய்க்க முடியாத இடத்தில்
பித்தளை கறுக்கும், அப்புறம் தேயும்.

மேம்பாலத்துக்குக் கீழே இஸ்ரார் வண்டியைத் தூக்கினான்.
வடிக்கிற துளையை அவன் தொடவேயில்லை.
ஊற்றுகிற துளை திறக்கிறதா என்று முதலில் பார்த்தான்.
நிரப்ப வழியில்லாமல் காலி செய்தவர்களை
நிறையப் பார்த்திருப்பான்போல.
பழைய எண்ணெய் வந்தது,
கஷாயத்தைவிடக் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம்.
இரண்டு விரலால் தேய்த்து வெயிலில் காட்டினான்:
மினுமினுப்பு.
ஒரு நொடி, சத்தியமாக, தங்கம் என்றே நினைத்தேன்.

"அஞ்சு ஊத்தியிருக்காங்க. யாரு?"
"விங் கமாண்டர்," என்றேன், மூச்சுவிடாமல்.

கை துடைக்கக் காகிதம் தேடி டாஷ்போர்டைத் துழாவியபோது
அகப்பட்டது அந்த ரசீது.
கார்பன் வைத்து எழுதியது. வண்டி வாங்கிய முதல் மாதம்.
சிந்தெடிக், ஜி எல் ஐந்து, இரண்டரை லிட்டர்.
கடையிலேயே விலை கூடியது அதுதான், ஞாபகம் இருக்கிறது.
மேலே, 'அல்மேலு மேடம்' என்று
ஒரு ர் குறைந்து என் பெயர்.

இஸ்ராரிடம் சொல்லவில்லை.
அதிலேயே கையைத் துடைத்தேன்.

துளை வழியே புதியது வழிந்து
ஒரு கோடாகச் சொட்டும்வரை ஊற்றினான். அதுதான் அளவு.

நாலு ஊற்றி இன்றோடு பதினோரு நாள்.
இப்போது பாலம்வரை போக வேண்டாம்,
அக்ஷர்தாம் திருப்பத்திலேயே திறந்துவிடுகிறது.
போன பித்தளை போனதுதான்.
நியூட்ரலில் அரை மூச்சு காத்திருக்கிறேன்,
உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் உரசி
சரி என்று சொல்லும்வரை.
பின்னால் டிடிசி பஸ் ஹாரனை அமுக்குகிறது.

விங் கமாண்டருக்குப் புத்தாண்டு வாழ்த்து
இன்னும் அனுப்பவில்லை.