பாதி விலை

சனிக்கிழமை திருமலை நகர மண்டபத்தில்
மெட்டில்டா ரீச்சர் பொம்மையை உயர்த்திப் பிடித்தா.
"இந்த இடுப்புக்குள்ள ஈரலை எங்க வைக்கிறது?"
சிரிப்பு. கைதட்டல்.
பின்வரிசையில் நானும் தட்டினேன்.
எங்கள் கடையில் வாங்கியதுதான்.

திங்கள் பின்னேரம்
உட்துறைமுக வீதிக்கே வந்தா.
பெறாமகளுக்குப் பிறந்தநாளாம்.
கறுப்பியை எடுத்துக் காட்டினேன்.
பாதி விலை; மூன்று மாசமாய் ஒருத்தரும் கேட்கவில்லை.
மூக்கு, இடுப்பு எல்லாம் அதே அச்சு,
சாயம் மட்டும் வேறு.
திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"பிள்ளை பயப்பிடும்" என்றா,
என் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளையைச் சுற்றிக் கொடுத்தேன்.
வாசலில் ஒரு மான்
வெறும் பெட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

கறுப்பியைக் கல்லாவில் சாத்தினேன்.
குதி நிலத்தில் படாத கால்,
தானாய் நிற்காது.
நான் காலை எட்டரையிலிருந்து நிற்கிறேன்.